நம்பர் பலகையில் வைத்த பொட்டு

முனுசாமியின் டாக்சியில் முன்பக்கத்து நம்பர் பலகைதான் வண்டிக்கு நெற்றி என்று அவன் பெண்சாதி பட்டம்மாள் நினைத்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்லாதீர்கள் கண்ணுகளா. வண்டி முழுக்கக் கறுப்பு. அந்தப் பலகை ஒன்றுதான் வெள்ளை, மழமழவென்று இருந்தது. மஞ்சளைத் தடவி அதன் நடுவில் குங்குமம் வைக்க அதைவிட நல்ல இடம் அந்த வண்டியில் வேறெங்கே இருக்கிறது? எழுத்துப் படிக்கத் தெரியாதவளுக்கு அதில் இருந்த நம்பர் வெறும் கறுப்புக் கோடுதான்.

அரசாங்கம் மாறிய மறு வருஷம் அது. பிள்ளையார்பாளையத்தில் ரேணுகாம்பாள் என்கிற நெசவுக்காரம்மா வீட்டில் பட்டம்மாளுக்குத் தார் சுற்றுகிற வேலை. தறியில் இப்படியும் அப்படியும் ஓடுகிற நாடாவுக்குள் ஒரு சின்னக் குழல் இருக்கும். அதில் பட்டு இழையைச் சுற்றிக் கொடுப்பதுதான் தார் சுற்றுவது. அந்த வீட்டில் ஆயுத பூஜையன்று தறிக்கு வைத்த பொட்டை யாரும் துடைக்க மாட்டார்கள். தறி ஓடி, கை பட்டு, வேர்வை பட்டு, அது தானாகத்தான் போக வேண்டும். துடைத்தால் அந்தத் தறியில் வேலை நின்றுவிடும் என்பார்கள். தறிக்கு உண்டான மரியாதை தன் புருஷன் வண்டிக்கும் உண்டு என்று பட்டம்மாள் நினைத்தாள். பெரிய பொட்டாக வைத்தாள். “தொடைச்சிடாதேய்யா. தானா போவணும்” என்று சொல்லியும் அனுப்பினாள்.

டாக்சி ஸ்டாண்டில் பக்கத்து வண்டிக்காரன் காசிநாதன் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். “நெத்தியிலதானே பொட்டு வைப்பாங்க? உம் பொண்டாட்டி வாயில வச்சிருக்குது பாரு. கண்ணு ரெண்டும் மேல இருக்குதுபா.”

“உன் வண்டிக்கு மட்டும் எங்க வச்சிருக்குதாம்?”

காசிநாதன் திரும்பித் தன் வண்டியைப் பார்த்தான். அவன் பெண்சாதியும் பலகையில்தான் வைத்திருந்தாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

முனுசாமிக்கு ஊர் முசரவாக்கம். அவன் அப்பன் காத்தவராயன், அந்த ஊர்ப் பெரிய விவசாயி அப்பாதுரை வீட்டுக் கழனியில் வேலை செய்து, அந்தக் கழனி வரப்பிலேயே விழுந்து செத்தவன். அப்பாதுரை வீட்டு ஆம்பிளை எதிரில் வந்தால் காத்தவராயன் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு “ஆண்டே” என்பான். முனுசாமி பன்னிரண்டு வயதில் அங்கிருந்து ஓடி வந்தான். வாலாஜாபாத்தில் நெல் லாரிக்குக் கிளீனராக இருந்து, வண்டி ஓட்டக் கற்று, லைசென்ஸ் எடுத்து, கடைசியில் டாக்சி ஓட்டுவதற்கான பித்தளை பேட்ஜும் வாங்கினான். காக்கிச் சட்டை மார்பில் குத்திக்கொள்கிற அந்த வட்டமான பேட்ஜைப் பட்டம்மாள் வெள்ளிக்கிழமை தவறாமல் புளி போட்டுத் தேய்ப்பாள். கம்மலை விற்று, கடனும் வாங்கி, பழைய வண்டி ஒன்றைச் சொந்தமாக்கினார்கள். அந்த பேட்ஜ் மார்பில் இருக்கிறவரை அவன் டிரைவர். வண்டியில் ஏறுகிறவர் யாராக இருந்தாலும் அவனுக்கு “சார்”தான். பேட்ஜ் போனால் மறுபடியும் முசரவாக்கம். இது அவனுக்கும் தெரியும், பட்டம்மாளுக்கும் தெரியும்.

பூஜைக்கு மறுநாள் காந்தி ரோட்டு முனையில் ஏட்டு கண்ணாயிரம் கை காட்டினார்.

“இன்னாடா நம்பரு இது?”

“மூவாயிரத்துப் பதினாறுங்க ஏட்டய்யா.”

“மொதல்ல மூணு தெரியுது, கடசியில ஆறு தெரியுது. நடுவுல உம் பொண்டாட்டி வச்ச குங்குமம்தான் தெரியுது. தொடைச்சிடு.”

முனுசாமியின் கை துணிக்குப் போனது. பட்டம்மாள் சொன்னது ஞாபகம் வந்து நின்றது. “நேத்து வச்ச பூஜைப் பொட்டுங்க. ரெண்டு நாள்ல தானா பூடும். தொடைக்கக் கூடாதுன்னு வூட்ல...”

“வூட்ல சொன்னாதான் கேப்பியா?”

அப்போதுதான் அப்பாதுரையின் வண்டி வந்தது. இந்நேரத்துக்குள் அப்பாதுரை முசரவாக்கத்தோடு நின்றுவிட்டவர் இல்லை. காந்தி ரோட்டில் பட்டுக்கடை வைத்தாகிவிட்டது. கட்சியில் பெரிய ஆளாகியும் விட்டார். வெண்ணெய் நிறத்து வண்டி. இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தது. முன்னால் ஆளுயரச் சாமந்தி மாலை தொங்கியது. நம்பர் பலகை இருக்கிற இடம்கூடத் தெரியவில்லை. ஏட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து சல்யூட் வைத்தார்.

வண்டி நின்றது. அப்பாதுரை கண்ணாடியை இறக்கினார். “சாயங்காலம் வூட்டுக்கு வந்து பொரி வாங்கிக்கினு போ, கண்ணாயிரம்.” பிறகு முனுசாமியைப் பார்த்தார். “டேய், காத்தவராயன் மவன்தானே நீ?”

“ஆமா சார்.”

அப்பாதுரை சிரித்தார். பக்கத்து சீட்டில் இருந்தவரிடம் திரும்பி, “சாராம்பா. எங்கப்பன் தாத்தன் காலத்துலேர்ந்து இவுங்க வூட்ல யாரு வாயிலயும் வராத வார்த்தை” என்றார். வண்டி போய்விட்டது.

முனுசாமி வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. “அந்த வண்டியில ஒரு நம்பரும் தெரியலீங்களே ஏட்டய்யா.”

“அந்த வண்டிக்கு நம்பரு எதுக்குடா? யாரு வண்டின்னு ஊருக்கே தெரியும். உன்ன யாருக்குத் தெரியும்?” என்று சொல்லி ஏட்டு கேஸ் எழுதினார்.

கோர்ட்டில் பதினைந்து ரூபாய் அபராதம் போட்டார்கள். லைசென்ஸிலும் எழுதிவிட்டார்கள். அதே கோர்ட்டில், அதே வாரம், அதே மாதிரிப் பொட்டுக்குக் காசிநாதனுக்கு இரண்டு ரூபாய். லைசென்ஸில் ஒன்றும் எழுதவில்லை. ஏன் என்று கேட்டால் காசிநாதனுக்கும் தெரியாது. “அன்னிக்கி ஜட்ஜய்யாவுக்கு வயிறு நல்லா இருந்திருக்கும்” என்றான். பிறகு முனுசாமியின் முகத்தைப் பார்த்து, “என்னுது ரெண்டு ரூவா நம்பருபா. உன்னுது பாஞ்சு ரூவா நம்பரு. ஒசந்த சரக்கு” என்று சொல்லி ஒரு டீ வாங்கிக் கொடுத்தான்.

பட்டம்மாள் ராத்திரி சாப்பிடவில்லை. தான் வைத்த பொட்டால் வந்தது என்று அவளுக்கு வருத்தம். “தொடைச்சிருக்கலாமேய்யா” என்றாள்.

“நீதானே தொடைக்கக் கூடாதுன்ன.”

“நா ஆயிரம் சொல்லுவேன்.”

முனுசாமி அவளைத் திட்டவில்லை. அவன் யோசனை வேறு மாதிரி போனது. பொட்டும் இருக்க வேண்டும், நம்பரும் தெரிய வேண்டும், அவ்வளவுதானே. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் போர்டு எழுதுகிற அந்தோணியிடம் போனான். அந்தோணி பழைய பலகையைக் கழற்றிவிட்டு, மேல் பக்கம் நாலு விரற்கடை இடம் விட்டுப் புதிய பலகை செய்தான். நம்பரைக் கீழே கொட்டை கொட்டையாக எழுதினான். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்தான். பிறகு யாரும் கேட்காமலே மெல்லிய தூரிகையை எடுத்து, பலகையைச் சுற்றி அரக்கு நிறத்தில் ஒரு கரை இழுத்தான்.

“இன்னாத்துக்குண்ணே இது?” என்றான் முனுசாமி.

“இந்த ஊர்ல கரை இல்லாம எத எழுதினாலும் கிழிஞ்ச துணியாட்டம் இருக்குதுபா. கடை போர்டு, கல்யாணப் பத்திரிகை, எதுன்னாலும் என் கை கரை இழுத்துட்டுத்தான் நிக்கும். அப்பாதுரை வண்டிக்கும் நாந்தான் எழுதினேன். அவருக்கு ஜரிகை கலர்ல போட்டேன். இருக்கட்டும் வுடு, இதுக்குக் காசு இல்ல.”

அழகாகத்தான் இருந்தது. ஏட்டு கண்ணாயிரமே வண்டியை நிறுத்தி, குனிந்து பார்த்து, “இப்பதான்டா லட்சணமா இருக்குது” என்றார். அதைக் கேட்டு முனுசாமி நிம்மதியாக இருந்தான். போலீஸ்காரர் வாயாலே சொன்னதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும் என்று நினைத்தான். நீங்களும் அப்படித்தானே நினைத்திருப்பீர்கள்?

தை மாசத்தில் புதிதாக ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். சின்ன வயசு, மடிப்புக் கலையாத சட்டை. வாலாஜாபாத் ரோட்டில் நின்று வண்டி வண்டியாகப் பார்த்தார். முனுசாமியின் பலகையை லத்தியால் தட்டினார்.

“என்ன இது, சேலையா? நம்பர் பலகையில நம்பரைத் தவிர ஒரு கோடு இருக்கக் கூடாது. பலகையும் அளவு இல்ல.”

“ஏட்டய்யா பாத்துட்டு நல்லாருக்குதுன்னு சொன்னாருங்க சார்.”

“எந்த ஏட்டு?”

கண்ணாயிரம் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். ஒரு மாட்டு வண்டி தானாகவே ஓரமாகப் போய்க்கொண்டிருந்தது. அதை இன்னும் ஓரமாகப் போகச் சொல்லி அவர் சத்தம் போட ஆரம்பித்தார்.

இந்தத் தடவை ஐம்பது ரூபாய். பொட்டு நம்பரை மறைத்ததற்குப் பதினைந்து என்றால், நம்பர் நன்றாகத் தெரிகிற பலகைக்கு ஐம்பது என்பது எந்தக் கணக்கு என்று முனுசாமிக்கு விளங்கவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் லைசென்ஸைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னதுதான் அவனுக்கு நன்றாக விளங்கியது.

“ஏற்கெனவே ஒண்ணு எழுதியிருக்கு. இது ரெண்டு. இன்னொரு தடவை இந்தப் பலகைக்காக என் கையில மாட்டினா, பேட்ஜைப் பிடுங்கச் சொல்லி மேல எழுதிடுவேன். புரியுதா?”

“புரியுது சார்.”

அன்றைக்கே அந்தோணியிடம் போய்க் கரையை அழித்து, பலகையை வெட்டி, வெறும் வெள்ளையில் வெறும் கறுப்பாக எழுதச் சொன்னான். தன் கரைதான் காரணம் என்று அந்தோணி கூலி வாங்க மறுத்தான். ஜரிகை கலர் கரையோடு அப்பாதுரையின் வண்டி அதே ரோட்டில் தினமும் போய் வந்துகொண்டிருந்தது. பட்டம்மாள் பொட்டை ஸ்டியரிங்குக்கு மாற்றிவிட்டாள். முனுசாமி காலையில் எழுந்ததும் ஈரத்துணியால் பலகையைத் துடைப்பான். சவாரி ஏற்றுமுன் துடைப்பான், இறக்கிவிட்டும் துடைப்பான்.

“பொண்டாட்டி மூஞ்சியக்கூட எவனும் இப்பிடித் தொடைக்க மாட்டான்பா” என்றான் காசிநாதன்.

“பொண்டாட்டிக்கு லைசென்ஸ் இல்லியே, எழுதறதுக்கு.”

வைகாசியில் முகூர்த்த நாள் ஒன்று வந்தது. ஸ்டாண்டில் இருந்த வண்டியெல்லாம் கல்யாணத்துக்குப் போய்விட்டது. முனுசாமி ஏனாத்தூர் சவாரியை முடித்துவிட்டு மத்தியானம் திரும்பி வந்து நின்றான். அப்பாதுரை தானே ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். அன்று அவர் மகளுக்குக் கல்யாணத்துக்கு முந்தின நாள். சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. அவர் வண்டி கியர் உடைந்து பட்டறையில் கிடந்தது.

“முனுசாமி, வண்டிய எடு. மாப்பிள்ளைய அழைச்சிக்கினு வரணும்.”

“வரேன் சார்.”

இந்தத் தடவை அவர் “சார்” என்பதற்குச் சிரிக்கவில்லை. அவசரம் அவருக்கு.

கோயில் வாசலில் வண்டிக்குப் பூ கட்டினார்கள். அப்பாதுரையின் அக்காள் கிருஷ்ணவேணி அம்மாள் நின்று எல்லாம் செய்வித்தாள். பெருமாளுக்குச் சாத்தி இறக்கிய பெரிய மாலை ஒன்றை மரியாதையாகக் கொடுத்திருந்தார்கள். அதை வண்டி முகப்பில் தொங்கவிட்டார்கள். அது பலகையை மறைத்துத் தரையைத் தொடுகிற மாதிரி இறங்கியது.

முனுசாமி குனிந்து பலகையைப் பார்த்தான். “அம்மா, மாலைய ரவ ஏத்திக் கட்டிக்கட்டுமா? நம்பரு மறையுது. ஏற்கெனவே ரெண்டு வாட்டி...”

“நீ கைய வைக்காதே” என்றாள் கிருஷ்ணவேணி அம்மாள். குரலை உயர்த்தவில்லை. “சாமி மேல கெடந்த மாலை. எங்க வூட்டுப் பொம்பளைங்க ஆரத்தி எடுத்துட்டுதான் எறக்குவாங்க. நீ வண்டிய ஓட்டு, போதும்.”

அப்பாதுரை பின் சீட்டில் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: “நா உக்காந்துக்கினு இருக்கிற வண்டிய எவன்டா நிறுத்துவான்? நகரு.”

அவர் சொன்னது சரிதான். காந்தி ரோட்டு முனையில் ஏட்டு கண்ணாயிரம் எதிரே வந்த இரண்டு பஸ்களை நிறுத்தி வைத்து, சல்யூட் வைத்து வழி விட்டார். சப்-இன்ஸ்பெக்டர்கூடத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கும்பிட்டார். மேளக்காரர்கள் முன்னால் நடக்க, வண்டி மெல்ல ஊர்ந்தது. முனுசாமி கொஞ்சம் மூச்சு விட்டான். பயந்ததெல்லாம் வீண் என்றுகூட நினைத்தான்.

மண்டபத்து வாசலில் மாப்பிள்ளையை இறக்கி ஆரத்தி எடுத்தார்கள். மாலையை எடுக்கப் பெண்கள் வருவதற்குள் உள்ளே கலவரமாகிவிட்டது. தட்டு வரிசையில் வைக்க வேண்டிய கூறைச் சேலை இன்னும் வரவில்லை. ரேணுகாம்பாள் வீட்டில் முந்தானைக் குஞ்சம் முடிகிறார்கள் என்று சொன்னார்கள். கிருஷ்ணவேணி அம்மாள் வாசலுக்கு ஓடி வந்தாள்.

“இந்தாப்பா டிரைவரு, பிள்ளையார்பாளையம் போயி சேலைய வாங்கிக்கினு வா. மாப்பிள வூட்டுக்காரங்க கேட்டுக்கினு இருக்கிறாங்க. நிக்காதே, ஓடு.”

“மாலைய எறக்கிட்டா...”

“வந்ததும் எறக்கிக்கலாம். போன்னா போ.”

முனுசாமி போனான். ரேணுகாம்பாள் வீட்டில் பட்டம்மாளும் இருந்தாள். அவள் தார் சுற்றிய பட்டில் நெய்த சேலை அது. மஞ்சள் துணியில் சுற்றிக் கொடுத்துவிட்டு, வாசல்வரை வந்து வண்டியைப் பார்த்தாள்.

“பலகைய மறைக்குதேய்யா.”

“தெரியுது.”

“எடுத்து உள்ள போட்டுக்கினு போயேன்.”

“தொடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க.”

அவன் வண்டியை எடுத்தான். காந்தி ரோட்டைத் தவிர்த்துச் சந்து வழியாகப் போகலாம் என்று பார்த்தான். ஒரு கல்யாண ஊர்வலம் அங்கே அடைத்துக்கொண்டு நின்றது. வேறு வழியில்லாமல் காந்தி ரோட்டில் திரும்பினான். திரும்பியதும் முனை கண்ணில் பட்டது. சப்-இன்ஸ்பெக்டர் ஜீப் பக்கத்தில் நின்று எதையோ எழுதிக்கொண்டிருந்தார். மாசக் கடைசி, கேஸ் கணக்குக் காட்ட வேண்டிய நேரம்.

முனுசாமி வண்டியை ஓரமாக நிறுத்தினான். மார்பைத் தொட்டுப் பார்த்தான். பேட்ஜ் வேர்வையில் ஈரமாக இருந்தது. பிறகு இறங்கி, வேட்டி முனையில் கையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் மாலையைத் தூக்கினான். மனம் கேட்காமல் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சேலைக் கட்டின்மேல் படாமல் முன் சீட்டில் வைத்தான். பலகையைத் துணியால் துடைத்தான். நம்பர் பளிச்சென்று தெரிந்தது.

நிமிர்ந்தபோது ஏட்டு எதிரில் நின்றார்.

“இப்ப எடுத்துட்டா சரியாப் பூடுமா? மறைச்சிக்கினு வந்தத அய்யா பாத்துட்டாரு.”

“இப்பதானே ஏட்டய்யா இதே மாலையோட போச்சுது. நீங்கதானே பஸ்ஸ நிறுத்தி வழி வுட்டீங்க. அப்பாதுரை சார் வூட்டு வேலையா போறேன். பாருங்க, கூறைச் சேலை.”

ஏட்டு குனிந்து பின் சீட்டைப் பார்த்தார். “அவுரு எங்க? ஆளக் காணோமே.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “முனுசாமி, நா இன்னா பண்ணட்டும்? காலையிலேர்ந்து கேசே இல்லன்னு அந்த ஆளு எம் மேல எரிஞ்சிக்கினு இருக்கிறாரு. எழுதாம வுட்டா எனக்கு வெக்கிறாரு ஆப்பு. நீ அப்பாதுரைகிட்டப் போயி ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. ஒரு வார்த்த. எல்லாம் கிழிச்சிப் போட்டுடலாம்.”

சப்-இன்ஸ்பெக்டர் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார். வண்டியை மட்டும் விட்டார், கல்யாண வீட்டுச் சேலை இருந்ததால்.

ஒரு வார்த்தை. அதைத்தான் வழியெல்லாம் முனுசாமி நினைத்துக்கொண்டு போனான். அப்பாதுரை வார்த்தை சொன்னால் பேட்ஜ் நிற்கும். அவர் சொல்வார் என்றே நம்பினான். அவர் வேலையாகப் போய் மாட்டிக்கொண்டதுதானே.

மண்டபத்தில் கிருஷ்ணவேணி அம்மாள் சேலையை வாங்கிக்கொண்டு வண்டியைப் பார்த்தாள். முகப்பில் மாலை இல்லை. முன் சீட்டில் கிடந்தது.

“யாரு எடுத்தது?”

முனுசாமி தன் இரண்டு கையையும் பார்த்தான்.

“நீ தொட்டியா? உங்கிட்ட படிச்சிப் படிச்சிச் சொன்னனே. நாளைக்கு எங்க வூட்டுப் பொண்ணு கழுத்துல தாலி ஏறப் போவுது. இன்னிக்கி நீ பெருமாள் மாலையக் கையில எடுத்திருக்கிற.”

“போலீசு நிறுத்திட்டாங்கம்மா. பேட்ஜு பூடும்னுதான்...”

அவள் மாலையைத் தொடவில்லை. வேலைக்காரனைக் கூப்பிட்டு, கொண்டுபோய்க் குளத்தில் போடச் சொன்னாள். சத்தம் கேட்டு அப்பாதுரை வெளியே வந்தார். மேலே சந்தனம், கையில் மோர் டம்ளர். முனுசாமி எல்லாவற்றையும் சொன்னான். ஏட்டு சொன்னதையும் சொன்னான்.

“நீங்க ஒரு வார்த்த சொன்னா வுட்டுடுவாங்க சார்.”

அப்பாதுரை மோரைக் குடித்து முடித்தார். “நா உக்காந்திருந்தப்ப எவனாச்சும் நிறுத்தினானா?”

“இல்ல சார்.”

“நிறுத்தினப்ப நா வண்டியில இருந்தனா?”

“இல்ல சார்.”

“அப்ப நா இன்னான்னு போயி சொல்றது? எங்கக்கா வேற மனசு ஒடிஞ்சி நிக்குது. கல்யாணம் முடியட்டும், பாக்கலாம்.” உள்ளே போகத் திரும்பியவர் நின்றார். “பேட்ஜு போனா இன்னாடா? கழனி எங்கியும் ஓடிப் பூடல. உங்கப்பன் கூப்புட்ட மாதிரி என்னக் கூப்புட்டா நா இல்லன்னா சொல்லப் போறேன்?”

கல்யாணம் முடிந்தது. முனுசாமி பட்டுக்கடைக்கு இரண்டு தடவை போனான். முதல் தடவை அவர் மெட்ராஸ் போயிருந்தார். இரண்டாவது தடவை கடைக்குள்ளேயே இருந்தார், ஆனால் ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

கோர்ட்டில் முனுசாமிக்கு முன்னால் ஒரு லாரிக்காரன் நின்றான். பலகை முழுக்கச் சேறு. மூன்று ரூபாய். அதற்கடுத்து ஒரு ரைஸ் மில்காரர் வண்டி, பலகையே உடைந்து தொங்கிக்கொண்டிருந்ததாம். எச்சரித்து அனுப்பினார்கள். முனுசாமியின் முறை வந்தது. குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்று கேட்டார்கள்.

“மாலை மறைச்சது நெசந்தானுங்க. அதே மாலையோட அதே வண்டி கொஞ்ச நேரத்துக்கு முன்னால போனப்ப இதே ஏட்டய்யா சல்யூட் வச்சாருங்க. அப்ப அது குத்தம் இல்லீங்களா?”

கோர்ட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். மாஜிஸ்ட்ரேட் ஏட்டைப் பார்த்தார்.

கண்ணாயிரம் முனுசாமியின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “சல்யூட் வண்டிக்கு இல்லீங்கய்யா. உள்ள இருந்தவருக்கு.”

எழுபத்தைந்து ரூபாய். மூன்றாவது தடவை என்பதால் பேட்ஜைத் திரும்பப் பெறவும் உத்தரவு. முனுசாமி அங்கேயே சட்டையிலிருந்து அதைக் கழற்றினான். ஊசி துணியில் சிக்கிக்கொண்டது. காசிநாதன் ஓடி வந்து எடுத்துவிட்டான். அன்று அவன் கேலி பேசவில்லை. பேட்ஜை மேஜைமேல் வைத்தபோது, வெள்ளிக்கிழமைதான் தேய்த்திருந்ததால், அது தங்கம் மாதிரி இருந்தது.

பேட்ஜ் இல்லாமல் டாக்சி ஓட்ட முடியாது. ஓட்டாமல் கடன் கட்ட முடியாது. ஆடி மாசத்தில் வண்டியை விற்றார்கள். வாங்கியது அப்பாதுரை. நல்ல விலைதான் கொடுத்தார், அதில் குறை சொல்ல முடியாது. வாலாஜாபாத்திலிருந்து ஒரு டிரைவரை வைத்து டாக்சியாகவே ஓட்டினார். வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, பட்டம்மாளும் முனுசாமியும் முசரவாக்கத்துக்கு வந்தார்கள். பட்டம்மாளின் தார் சுற்றுகிற வேலையும் அதோடு போயிற்று.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. அப்பாதுரை வீட்டு முற்றத்தில் இரண்டு வண்டியும் நின்றன. அந்தோணி வந்து டாக்சிக்கும் ஜரிகை கலரில் கரை இழுத்துவிட்டுப் போயிருந்தான். ஏட்டு கண்ணாயிரம் நாற்காலியில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார். கிருஷ்ணவேணி அம்மாள் மஞ்சளைக் குழைத்து, பழைய டாக்சியின் நம்பர் பலகை நடுவில் வைத்து, அதன்மேல் கட்டை விரலால் பெரிய குங்குமப் பொட்டு வைத்தாள். மூன்றும் ஆறும்தான் தெரிந்தன. ஏட்டு அதைப் பார்த்துக்கொண்டே பொரியை மென்றார்.

“முனுசாமி” என்று கூப்பிட்டார் அப்பாதுரை. “உனக்குப் பழக்கமான வண்டிதானே. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழத்த வை. மாலையில கை படாம வை.”

முனுசாமி துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான். “சரிங்க ஆண்டே” என்றான்.

வீட்டுக்கு வந்தபோது பட்டம்மாள் குங்குமச் சிமிழோடு நின்றாள். சுவரோரம் மண்வெட்டி சார்த்தியிருந்தது. அதைக் கழுவி வைத்திருந்தாள்.

“இதுக்கு வைக்கட்டுமாய்யா?”

“வை. எவ்ளோ பெருசா வேணும்னாலும் வை. இதுல நம்பரு இல்ல.”

அவள் அளவாகத்தான் வைத்தாள். மறுநாள் விடியற்காலை அவன் அப்பாதுரை வீட்டுக் கழனியில் வரப்பு வெட்ட இறங்கினான். முதல் வெட்டிலேயே ஈர மண் அப்பிக்கொண்டது. மண்வெட்டியைத் தூக்கி மண்ணை வழித்துவிட்டுப் பார்த்தான். பொட்டு இல்லை. வேலை பட்டுத் தானாகத்தான் போயிருந்தது. யாரும் துடைக்கவில்லை.